ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மாரும் மன அழுத்தத் தணிப்புப் பயிற்சியும்

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றிய விஞ்ஞான அறிவு கடந்த எண்பது ஆண்டுகளில் பெரிதும் விரிவடைந்துள்ளது. குறைபாட்டை இளம் வயதிலேயே கண்டறியும் முறைகளும், பேச்சு, நடத்தை, அன்றாடத் திறன்கள் ஆகியவற்றைப் பயிற்றும் முறைகளும் உருவாகியுள்ளன. எனினும் இம்முறைகள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. பயிற்சி நிலையத்தில் குழந்தை சில மணி நேரமே இருக்கிறது. எஞ்சிய பொழுதெல்லாம் அது வீட்டில், பெரும்பாலும் தாயின் பொறுப்பில், இருக்கிறது. நிபுணர் கற்பித்ததை நாள்தோறும் குழந்தையிடம் செய்து பழக்க வேண்டியவள் தாயே. அவளுடைய உறக்கமும் உடல்நலமும் மனநிலையும் சீர்குலைந்திருந்தால், மிகச் சிறந்த பயிற்சித் திட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும்.

தாயின் நலத்தைப் பேணுவதற்கு இது ஒன்றே காரணம் அன்று. குழந்தையின் சிகிச்சைக்குத் துணைபுரியும் கருவியாக மட்டும் தாயைக் கருதுவது தவறு. அவளும் தன்பொருட்டு நலமாக வாழ உரிமை உடையவள். இவ்விரு நோக்கங்களையும் மனத்திற்கொண்டு, ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மாருக்கெனப் பல நாடுகளில் ஒரு மனப்பயிற்சி முறை சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. அம்முறை யாது, அதனால் விளையும் பயன் எத்தகையது, அதன் எல்லை எது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் குழந்தைப் பருவத்திலேயே தோன்றும் ஒரு வேறுபாடு. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் கூறுவர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் மருத்துவர், 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனைத் தனியொரு நிலையாக விவரித்தார். அடுத்த ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவரும் இதனை ஒத்த இயல்புடைய சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, பேச்சுத் தாமதம், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், ஒரே செயலைப் பன்முறை செய்தல், வழக்கத்தில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் பெருங்கலக்கம் அடைதல், சில ஒலிகளையும் தொடுகைகளையும் தாங்க இயலாமை ஆகியவை இதன் அடையாளங்களுட் சில. எல்லாக் குழந்தைகளிடமும் இவை ஒரே அளவில் காணப்படுவதில்லை. ஒரு குழந்தை பாடங்களில் முதன்மையாக விளங்கலாம். மற்றொரு குழந்தைக்கு உண்ணவும் உடுக்கவும் வாழ்நாள் முழுதும் துணை வேண்டியிருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார். இந்தியாவில் இதனை அளவிடுவதற்கென 40 கூறுகளைக் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 2009-ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது.

இது தொற்றுநோய் அன்று. மருந்தினால் அகற்றத்தக்க நோயும் அன்று. இளமையிலேயே தொடங்கும் பயிற்சியும், இயல்பறிந்து நடந்துகொள்ளும் வீடும் பள்ளியும் குழந்தையின் திறன்களை வளர்க்கும்.

தாயின்மீது சுமத்தப்பட்ட பழி

தாய்மாரின் துயரத்தை அறிய வேண்டுமாயின் இத்துறையின் வரலாற்றில் நேர்ந்த ஒரு பெரும்பிழையை முதலில் அறிதல் வேண்டும். 1940-களின் இறுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஆட்டிசத்திற்குப் பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து மேல்நாட்டு மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பெற்றோரின் உணர்ச்சியற்ற போக்கைப் பற்றிக் கேனரே 1949-ஆம் ஆண்டில் எழுதினார். சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடையேயும் பரப்பிற்று. குளிர்பெட்டியைப் போன்ற தாய் என்னும் பழிச்சொல் அக்காலத்தில் வழங்கியது.

இக்கருத்துக்குச் சான்று ஏதும் இல்லை என்பதை பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலறிஞர் 1964-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக்காட்டினார். அவரே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தை. 1969-ஆம் ஆண்டில் பெற்றோர் கூடிய மாநாடொன்றில் கேனரும் பெற்றோரை இக்குற்றச்சாட்டினின்று விடுவித்துப் பேசினார். 1977-ஆம் ஆண்டில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்த முடிவுகள் வெளியாயின. ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருக்களிலிருந்து பிறந்த 10 இணைகளில் அவ்வாறு ஓர் இணையும் இல்லை. ஆட்டிசத்தின் தோற்றத்தில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதன் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் மேலும் உறுதிப்பட்டுள்ளது. ஒரே மரபணு இதற்குக் காரணம் அன்று. பல மரபணுக்களும் பிறப்பதற்கு முன்னுள்ள சூழலும் சேர்ந்தே செயற்படுகின்றன.

விஞ்ஞானம் கைவிட்ட இப்பழியைச் சமூகம் இன்னும் கைவிடவில்லை. தாய் வேலைக்குச் சென்றதால் குழந்தை பேசவில்லை என்பர்; கர்ப்ப காலத்தில் அவள் கவலைப்பட்டதே காரணம் என்பர்; கைப்பேசியைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பர். திரையின் முன் நெடுநேரம் இருக்கும் குழந்தைக்குப் பேச்சுப் பழகும் வாய்ப்புக் குறையும் என்பது உண்மையே. ஆனால் கைப்பேசியே ஆட்டிசத்தை உண்டாக்கிற்று என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தடுப்பூசியைக் காரணமாகக் கூறுவதும் பல நாடுகளில் நடந்த பெரும் ஆய்வுகளால் மறுக்கப்பட்டது.

பெங்களூரு போன்ற நகரங்களில் வேறொரு பழியும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்ததால் குழந்தை குழம்பிவிட்டது என்று கூறித் தாய்மொழியை நிறுத்தச் சொல்வோர் பலர். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்பது ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் காட்டவில்லை. தனக்கு நன்கு வராத மொழியில் குழந்தையைக் கொஞ்சவும் பாடவும் முயலும் தாயின் பேச்சு சுருங்கிப் போவதே அந்த ஆலோசனையினால் கண்ட பலன்.

இடையறாத அழுத்தம் உடலில் செய்வது

ஆபத்து நேரும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே, 1936-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கட்டுரைகளில், இத்தகைய தூண்டுதல் நீடிக்குமாயின் உடல் நாளடைவில் தளர்ந்துபோகும் என்பதை விளக்கினார்.

ஆட்டிசக் குழந்தையின் தாய்க்கு இத்தூண்டுதல் நாள் முழுதும் நீடிக்கிறது. இக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் உறக்கக் கோளாறு உள்ளது. ஆகவே தாய்க்கும் உறக்கமில்லை. ஆபத்தை அறியாது தெருவில் ஓடும் குழந்தையிடமிருந்து அவள் கண்ணை எடுக்க இயலாது. பேருந்தில் குழந்தை அலறினால் சுற்றியுள்ளோர் அவளையே நோக்குகின்றனர். பயிற்சிக் கட்டணம், வேலையை விட்டதனால் இழந்த வருமானம், உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் செல்ல இயலாமை, தனக்குப் பின் இக்குழந்தையை யார் காப்பார் என்ற கேள்வி ஆகியவையும் சேர்கின்றன.

அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள இளைஞர்களின் தாய்மாரை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாள் முழுதும் அவர்களது கார்ட்டிசால் அளவு மற்றத் தாய்மாரினும் தாழ்ந்திருந்ததைக் கண்டது. அழுத்தம் மிகுந்தால் கார்ட்டிசாலும் மிகும் என்று எதிர்பார்ப்போருக்கு இது வியப்பளிக்கும். ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்ட அமைப்பு சலித்துப்போவதன் அறிகுறி இது. போர்க்களத்தில் பணியாற்றிய வீரர்களிடமும் இத்தகைய மாற்றம் காணப்பட்டுள்ளது. ஆகவே அத்தாய்மாரின் களைப்பு மனத்தளர்ச்சியினால் மட்டும் தோன்றுவது என்று கருதலாகாது. அது உடலிலும் அளந்தறியத்தக்கது.

பயிற்சியின் வரலாறும் முறையும்

1979-ஆம் ஆண்டில் ஜான் கபாட்-சின் என்னும் உயிரியலறிஞர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருந்துகளால் முற்றிலும் தணியாத நாட்பட்ட வலியுடைய நோயாளிகள் அங்கு அனுப்பப்பட்டனர். பௌத்தத் தியான முறைகளிலிருந்தும் ஹடயோகத்திலிருந்தும் எடுத்த பயிற்சிகளை, எச்சமயத்தவரும் ஏற்கத்தக்க வகையில் அவர் தொகுத்தார். இந்நாட்டில் தோன்றிய பழக்கங்களே மருத்துவமனை வழியாகப் புதிய உருவில் திரும்பி வந்துள்ளன எனலாம்.

இம்முறையின் மூலக்கருத்து எளிது. இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் நிகழ்வதை, நல்லது தீயது என்று தீர்ப்புக் கூறாமல், உள்ளபடி கவனித்திருத்தலே அது. இதனை விழிப்புநிலை என்பர். மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கம் அன்று. எண்ணங்கள் வரும், அவை வந்ததை அறிந்து, கவனத்தை மெல்ல மீட்டுக் கொணர்வதே பயிற்சி. நூறு முறை மனம் சிதறினால் நூறு முறை மீட்பதே வேலை. சிதறியது தோல்வி ஆகாது.

முழுத் திட்டம் 8 வாரம் நடைபெறும். வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் குழுவாகக் கூடுவர்; இடையில் ஒரு நாள் முழுதும் பயிற்சி உண்டு. வீட்டில் நாள்தோறும் 45 நிமிடம் பழக வேண்டும். பயிற்சிகள் பின்வருமாறு:

உடற் கவனம்: படுத்த நிலையில் கால்விரல் முதல் உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைச் செலுத்தி, அங்குள்ள சூடு, இறுக்கம், வலி ஆகியவற்றை அறிதல்.

மூச்சுக் கவனம்: நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை மாற்ற முயலாமல், அது வருவதையும் போவதையும் கவனித்தல்.

மென்மையான யோகாசனங்கள்: உடல் இடங்கொடுக்கும் அளவுக்கே செய்தல்.

நடைக் கவனம்: மெல்ல நடந்து, பாதம் தரையைத் தொடுவதையும் விட்டெழுவதையும் உணர்தல்.

அன்றாடச் செயல்களில் கவனம்: உண்ணும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அச்செயலிலேயே இருத்தல். முதல் வகுப்பில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, அதனைப் பார்த்து, முகர்ந்து, பின்னர் மெதுவாகச் சுவைக்கச் செய்வது வழக்கம்.

இது எங்ஙனம் உதவுகிறது?

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். காலையில் குக்கர் விசில் அடிக்கிறது. அவ்வொலியைத் தாங்க இயலாத குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. அண்டை வீட்டார் சுவரைத் தட்டுகின்றனர். தாயின் தோள்கள் இறுகுகின்றன, மூச்சு மேலெழுகிறது. "இன்றும் இப்படியே, என்றும் இப்படியே, எல்லாம் என் தவறு" என்னும் எண்ணம் எழுகிறது. அடுத்த கணம் அவள் குழந்தையைக் கடிந்து கூவுகிறாள். அதனால் குழந்தையின் அலறல் மிகுகிறது. பின்னர் தான் கூவியதை எண்ணி நாள் முழுதும் வருந்துகிறாள்.

இந்நிகழ்ச்சியில் விசிலும் அலறலும் தாயின் கையில் இல்லை. தோள் இறுகியதும் எண்ணம் எழுந்ததும் கூட அவள் விரும்பிச் செய்தவை அல்ல. ஆயினும், எண்ணம் எழுவதற்கும் கூவுவதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. பழக்கமில்லாதவர் அதனைக் காண்பதில்லை. தோள் இறுகுவதை உடனே அறியப் பழகிய தாய் அங்கு ஒரு மூச்சளவு நிற்க முடியும். அந்த எண்ணத்தை உண்மை என்று கொள்ளாமல், வந்துபோகும் எண்ணம் என்று அறிய முடியும். பின்னர் அடுப்பை அணைப்பதா, குழந்தையை வேறு அறைக்கு அழைத்துச் செல்வதா, நாளை முதல் விசில் இல்லாத பாத்திரத்தில் சமைப்பதா என்று அவளால் தீர்மானிக்க இயலும். குழந்தையின் இயல்பு மாறவில்லை. தாயின் மறுமொழி மாறுகிறது.

ஆய்வுகள் காட்டும் முடிவுகள்

இத்துறையில் குறிப்பிடத்தக்க சோதனை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் டைக்கன்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆட்டிசமோ வேறு குறைபாடோ உடைய குழந்தைகளின் தாய்மார் 243 பேர் அதில் பங்குகொண்டனர். தொடக்கத்தில் அவர்களுள் நூற்றுக்கு 85 பேருக்கு அழுத்தம் மிகுந்திருந்தது. 48 பேருக்குச் சிகிச்சைக்குரிய மனச்சோர்வும், 41 பேருக்குப் பதற்றக் கோளாறும் இருந்தன.

அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு விழிப்புநிலைப் பயிற்சியும், மற்றொரு பிரிவுக்குக் குற்றவுணர்வு, கவலை ஆகியவற்றைக் கையாண்டு தம் நற்பண்புகளை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் 6 வாரங்களே வகுப்பு நடந்தது. வகுப்பை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். குறைபாடுள்ள குழந்தைகளைத் தாமே வளர்க்கும் தாய்மார் பயிற்சி பெற்று, நிபுணரின் மேற்பார்வையில் அதனை நடத்தினர்.

இரு பிரிவினரிடமும் அழுத்தமும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. உறக்கமும் வாழ்வில் நிறைவும் மேம்பட்டன. பதற்றம், மனச்சோர்வு, உறக்கம் ஆகியவற்றில் விழிப்புநிலைப் பிரிவினர் கூடுதலான முன்னேற்றம் கண்டனர். ஆறு மாதம் வரை தாய்மார் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். ஒரு முடிவைத் தனியே குறிக்க வேண்டும்: ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மாரிடம் பதற்றம் மற்றத் தாய்மாரைக் காட்டிலும் குறைவாகவே தணிந்தது. அவர்களுடைய சுமை பயிற்சியால் மட்டும் நீங்குவதன்று என்பதை இது நினைவூட்டுகிறது.

இதற்கு முன்னர் 2006-ஆம் ஆண்டில், மூன்று தாய்மாருக்கு 12 வாரம் இப்பயிற்சி அளித்து நிர்பய் சிங் என்பவரும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தையின் நடத்தையைத் திருத்தும் உத்தி எதுவும் தாய்மாருக்குக் கற்பிக்கப்படவில்லை. அவ்வாறிருந்தும், குழந்தைகள் அடிப்பதும் முரண்டு பிடிப்பதும் குறைந்தன. மூவரிடம் கண்டதைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. ஆயினும் தாயின் அமைதி குழந்தையின் நாளையும் மாற்றக்கூடும் என்பதற்கு இஃது ஒரு குறிப்பாகும்.

இந்திய அனுபவம்

குடும்பத்தினரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் கொண்டு 10 வாரம் நடந்த குழுப் பயிற்சியின் முடிவுகள் 1999-ஆம் ஆண்டில் வெளியாயின. கலந்துரையாடிக் கற்ற பெற்றோர் தம் குழந்தையைப் பற்றிக் கொண்டிருந்த மனப்பான்மை தெளிவாக மேம்பட்டது.

களப்பணியாளருக்கு ஊக்கமளிக்கும் மற்றொரு சோதனை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, குழந்தையோடு இசைந்து பழகும் முறையைப் பெற்றோருக்குக் கற்பித்தனர். பெற்றோரின் மறுமொழி மேம்பட்டது. குழந்தைகள் தாமே முன்வந்து பழகுவதும் மிகுந்தது. நாஷ்வில் சோதனையும் இதுவும் ஒன்றையே உணர்த்துகின்றன: தக்க பயிற்சியும் மேற்பார்வையும் இருப்பின் இப்பணியை நிபுணர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை.

பெங்களூரு நகரில் இத்தகைய முயற்சிக்கு வேண்டிய துறைகள் பல ஒருங்கே உள்ளன. மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும் 1954-ஆம் ஆண்டில் அமைந்த அகில இந்திய மனநல நிலையமும் 1974-ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டு, தேசிய மனநல நரம்பு விஞ்ஞான நிலையம் ஆயின. நிம்ஹான்ஸ் என வழங்கும் இந்நிலையத்தில் குழந்தை மனநல மருத்துவமும், விழிப்புநிலை சார்ந்த சிகிச்சைகளைப் பற்றிய உளவியல் ஆராய்ச்சியும், யோகச் சிகிச்சையும் நடைபெறுகின்றன. பேச்சு விஞ்ஞானத்தில் வல்லவரான பிரதிபா காரந்த் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கம்யூனிகேஷன் டீல் என்னும் திட்டம் சிறு குழந்தைகளுக்கான முற்பயிற்சியை வளர்த்துள்ளது. நகரின் தெற்கே ஜிகணியை அடுத்துள்ள விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், ஆட்டிசக் குழந்தைகள் 6 பேருக்குப் பெற்றோரின் துணையோடு யோகம் கற்பித்த அனுபவத்தை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எண்ணிக்கை சிறிதாயினும், பெற்றோர் உடனிருந்து பழகியது அதில் கவனிக்கத்தக்கது.

இவற்றிலிருந்து ஒரு நடைமுறை உண்மை புலனாகிறது. குழந்தை பயிற்சி அறைக்குள் இருக்கும்போது தாய் வெளியே காத்திருக்கிறாள். அவளைப் போன்றே வேறு தாய்மாரும் அங்கிருக்கின்றனர். தனியே ஒரு நாள் ஒதுக்கி அவளை வரவழைப்பது கடினம்; ஆனால் காத்திருக்கும் அந்நேரத்தில், அவ்விடத்திலேயே, அவள் அறிந்த மொழியில் குழு வகுப்பை நடத்துவது இயலும்.

கவனிக்க வேண்டிய எல்லைகள்

இப்பயிற்சி ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. அவ்வாறு கூறி விற்கப்படும் எதனையும் நம்பலாகாது. குழந்தைக்குரிய பேச்சுப் பயிற்சிக்கோ கல்விக்கோ இது மாற்று ஆகாது.

வறுமை, குடும்ப வன்முறை, பள்ளியில் இடமின்மை ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் உபாயமாகவும் இதனைக் கொள்ளலாகாது. பள்ளி சேர்க்க மறுக்கும்போது தாய்க்கு வேண்டியது மூச்சுப் பயிற்சி அன்று, சேர்க்கைதான். ஆட்டிசம் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. அவற்றின்படி உரியதைப் பெற்றுத் தருவதும் மன அழுத்தத் தணிப்பே ஆகும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை மற்றொன்று உண்டு. ஏற்கெனவே குழந்தைக்குரிய பயிற்சிகளைச் செய்யத் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்படும் தாயிடம், "நீ அமைதியாக இருந்தால் குழந்தை சரியாகிவிடும்" என்று கூறுவது பழைய பழியைப் புதிய சொல்லில் சுமத்துவதாகும். நாளுக்கு 45 நிமிடம் ஒதுக்க இயலாத தாய் 5 நிமிடம் செய்தாலும் போதும். அதுவும் இயலாத நாளில் செய்யாமல் விடலாம்.

கண்ணை மூடி அமர்ந்ததும் சிலருக்குப் பழைய துன்பங்கள் மேலெழக்கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே பழகலாம், நடைக் கவனத்தை மேற்கொள்ளலாம், அல்லது நிறுத்திவிடலாம். இரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு, உணவிலும் உறக்கத்திலும் பெரும் மாறுதல், இறந்துவிடலாம் என்ற எண்ணம், குழந்தையையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை தோன்றினால், பயிற்சியை நம்பிக் காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் அழைக்கலாம். நிம்ஹான்ஸ் இச்சேவையின் தலைமை நிலையமாகச் செயற்படுகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. குழந்தையைப் பற்றி விசாரித்த பின்னர், தாயிடம் அவளைப் பற்றியும் கேட்க வேண்டும். "நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? உங்களுக்கு உதவியாக வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்னும் இரு கேள்விகள் தொடக்கத்திற்குப் போதும்.

2. ஆட்டிசம் தாயின் குற்றத்தால் வருவதன்று என்பதை அவளிடம் மட்டுமன்றிக் கணவர், மாமியார் ஆகியோர் முன்னிலையிலும் தெளிவாகக் கூற வேண்டும். அரசுப் பணியாளர் ஒருவர் வாயிலாக வரும் இச்சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

3. தந்தையும் பிற உறவினரும் வாரத்தில் சில மணி நேரமேனும் குழந்தையைப் பொறுப்பேற்கச் செய்ய வேண்டும். ஓய்வுக்கு நேரமில்லாத இடத்தில் பயிற்சிக்கும் நேரமிராது.

4. ஒரே வட்டாரத்திலுள்ள நான்கைந்து தாய்மாரை ஒருவரோடொருவர் அறிமுகம் செய்துவைக்கலாம். முறையாகப் பயின்ற ஒருவர் கிடைக்கும்போது அவர்களுக்கு வகுப்பு நடத்தலாம். தாம் பழகாததைப் பிறருக்குக் கற்பிக்க முற்படலாகாது.

5. குழந்தையின் குறைகளை மட்டுமே எழுதி வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை ஆசிரியர் கைவிட வேண்டும். அன்று குழந்தை செய்த ஒரு நற்செயலை அதே தாளில் எழுதலாம். பள்ளி முடிந்து தாயை வாயிலில் நிறுத்தி, மற்றப் பெற்றோர் முன்னிலையில் முறையிடுதல் கூடாது.

6. ஐயமுள்ள குழந்தைகளை, 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட முற்பயிற்சி நிலையங்களுக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். மாற்றுத் திறனாளி அட்டை, தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கத் துணைபுரிய வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குத் தனிச் செலவு இல்லை. குழந்தையின் பதிவேட்டில் தாயின் நலத்திற்கென ஒரு பத்தி ஒதுக்கி, ஒவ்வொரு வருகையிலும் அதனை நிரப்பி வருதல் எந்த நிலையத்திலும் தொடங்கத்தக்க வேலை. அப்பத்தியில் எழுதப்படுவது சில மாதங்களில் எந்தத் தாய்க்குப் பயிற்சி வேண்டும், யாருக்கு மருத்துவர் வேண்டும், யாருக்கு வெறும் உறக்கமே வேண்டும் என்பதைப் பணியாளருக்குத் தெளிவாகக் காட்டிவிடும்.